உணவு கொடுப்பவர் மதிப்பெண் போடக்கூடாது

நவம்பர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை காலை, பல்கலைக்கழக ஆசிரியர் குடியிருப்பின் ஏழாவது மாடியில், கிழக்கு பார்த்த அறையில் என் அண்ணன் இறந்தார். அவருக்கு வயது எழுபத்தொன்று.

அன்று குளியலறைக் குழாயைச் சரிசெய்ய ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வரவில்லை. இப்போதும் அது சொட்டிக்கொண்டுதான் இருக்கும். வீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டதாகச் சொன்னீர்கள். உங்கள் ஆட்கள் யாராவது மறுபடி உள்ளே போனால், குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கீழ்வீட்டில் இருப்பவர்கள் நல்லவர்கள். கூரையில் ஈரம் கசிந்தாலும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள்.

என் வழக்கறிஞர் என்னைப் பேச வேண்டாம் என்கிறார். அவர் தொழிலுக்கு அது சரி. என் தொழில் வேறு. ஆராய்ச்சி மாணவர்களிடம் ‘நடந்ததை நடந்தபடி சொல், உனக்குச் சாதகமாக எதையும் வளைக்காதே’ என்று சொல்லியே காலமெல்லாம் சம்பளம் வாங்கியவன் நான். இப்போது என் முறை வரும்போது வாயைப் பொத்திக்கொண்டால் நன்றாக இருக்காது. தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். தொடக்கம் ஓர் எலி.

நான் அடிப்படையில் உயிரியல்காரன். வலி நரம்பு வழியாக எப்படிப் பயணம் செய்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்கு எலிகள் வேண்டும். எங்கள் ஆய்வகம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மரத்தூளும் கிருமிநாசினியும் கலந்த வாடை சட்டையோடு வீட்டுக்கு வரும். ஒரு நீண்ட விடுமுறைக்கு முன், அறுவை செய்யப்பட்ட எலி ஒன்றின் நிலை மோசமானது. முதுகு வளைந்து, மயிர் சிலிர்த்து, கண் பாதி மூடிக் கிடந்தது. அதற்குத் தினமும் தீனி வைத்தவள் என்னோடு படித்த பெண். இளகிய மனம். எலிக்குச் செல்லப் பெயர்கூட வைத்திருந்தாள். “இன்னும் ஒரு நாள் பாக்கலாம்பா, கண்ணுல தெம்பு இருக்கு” என்றாள். பேராசிரியர் ஊரில் இல்லை. யார் முடிவெடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் யாரும் முடிவெடுக்கவில்லை. விடுமுறை முடிந்து கதவைத் திறந்தவன் நான்.

எலி உயிரோடு இருந்தது. அதுதான் நான் சொல்ல வருவது.

மேற்கொண்டு விவரிக்க மாட்டேன். நீங்கள் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கூண்டின் முன் நின்றபோது எனக்கு ஒன்று விளங்கியது. வலியை உண்டாக்குபவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வலியை நீட்டிப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அவர்கள் பெரும்பாலும் அன்பானவர்கள்.

பட்டம் வாங்கியதும் ஆய்வகத்தை விட்டு அறவியல் படிக்கப் போனேன். உயிரியல்காரர்கள் என்னைச் சாமியார் என்றார்கள். தத்துவத் துறையில் எலிக்காரர் என்றார்கள். பிறகு அமைச்சகத்தில் அறிவியல் கொள்கைக் குழுவில் சேர்ந்தேன். அங்கே இந்த இரண்டு பெயரையும் கேள்விப்படாததால் நிபுணர் என்றார்கள். மூன்று இடத்திலும் நாற்காலி உண்டு, எந்த இடத்திலும் சொந்த மேசை இல்லை என்ற வாழ்க்கை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. எந்தப் பக்கமும் சாராதவனாக இருப்பது ஒரு தகுதி என்றே நினைத்தேன்.

அந்த ஆண்டுகளில் நான் உருவாக்கியதுதான் அளவுகோல். பேச முடியாத ஓர் உயிர் எவ்வளவு துன்பப்படுகிறது, எந்தக் கட்டத்தில் அதை முடித்துவைப்பது என்பதற்கான முறை. ஐந்து அறிகுறிகள். சாப்பிடுகிறதா. தன் உடம்பைத் தானே சுத்தம் செய்துகொள்கிறதா. முகம் எப்படி இருக்கிறது. அசைவு இயல்பாக இருக்கிறதா. கடைசியாக, ஆள் உள்ளே வந்தால் முன்னே வருகிறதா, மூலைக்குப் போகிறதா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். பதினொன்றைத் தொட்டால் மேற்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஒரே ஊசி. அதன்பின், விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறைக் குழுவுக்குத் தகவல்.

இதில் நான் மிகவும் பெருமைப்படுகிற விதி ஒன்று உண்டு. உணவு கொடுப்பவர் மதிப்பெண் போடக்கூடாது. மதிப்பெண் போடுபவர் உணவு கொடுக்கக்கூடாது, தொடக்கூடாது, பேச்சுக் கொடுக்கக்கூடாது. தீனி வைக்கிற கைக்குப் பாசம் வந்துவிடும். பாசம் வந்த கண்ணுக்கு நாளைக்குச் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். இதை எழுதும்போது என்னோடு படித்த அந்தப் பெண்தான் மனதில் இருந்தாள். விதி சட்டமானது. இன்று நாடு முழுவதும் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் காலையில் தீனி வைப்பவர் ஒருவர், வாசலில் நின்று பார்த்து மதிப்பெண் போடுபவர் வேறொருவர்.

இதற்காக ஒரு விருது கொடுத்தார்கள். அன்றுதான் என் அண்ணன் இதைப் பற்றி முதலில் கேட்டார்.

அண்ணன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். எங்கள் அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னைப் படிக்க வைத்தது அவர்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. என்னை எலி என்றுதான் கூப்பிடுவார். நான் பல்கலைக்கழகத்துக்கே திரும்பித் துறைத் தலைவரான பிறகும், என் மாணவர்கள் எதிரிலும் எலிதான். விருது கிடைத்த வாரம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அண்ணி அப்போது இருந்தார்.

“டேய் எலி, உன் பேரு ரேடியோல வந்துச்சு. எதுக்குன்னுதான் கடைசி வரைக்கும் புரியல” என்றார் அண்ணன்.

நான் விளக்கினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அப்போ அது சாப்பிடலன்னா மார்க் ஏறும்?”

“ஏறும்.”

“மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டா?”

“ஏறும்.”

“உன்னப் பாத்து மூலைல போய் ஒட்டிக்கிட்டா?”

“அதுதான் ரொம்ப முக்கியமான அறிகுறி.”

“அடப்பாவி. உங்க அண்ணிகிட்ட நான் இத்தன வருஷமா அப்படித்தானடா இருக்கேன். நல்லவேளை, அவ உன் புஸ்தகத்தப் படிக்கல.”

“படிச்சிருந்தா என்னிக்கோ ஊசியப் போட்டிருப்பேன்” என்றார் அண்ணி, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறிக்கொண்டார். பிறகு சொன்னார்: “எலி, லைசன்ஸ் டெஸ்ட்டுக்கு இன்ஸ்பெக்டர் வண்டில ஏறினா நல்லா ஓட்டுறவனும் கியரத் தேடுவான். இனிமே எனக்குச் சளி பிடிச்சா உன் வீட்டுப் பக்கமே வரமாட்டேன்பா.”

அண்ணன் எதையும் வேடிக்கையாக்கிவிடுகிற ஆள். நான் பொருட்படுத்தவில்லை.

அண்ணி போன மறு ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சு முழுவதும் போனது. அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது என்று மருத்துவர் சொன்னார். அண்ணன் மகள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். அவள் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் குடியிருப்பில் லிஃப்ட் உண்டு; நான் தனி ஆள்; அறையும் காலி. “தரைத்தள வீடு கிடைக்கிற வரைக்கும்தான் சித்தப்பா” என்றாள். எனக்கு மறுப்பில்லை. பகல்நேரத்துக்கு ஒரு செவிலியை வைத்தோம். முன்பு குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர், நடுவயது, எந்நேரமும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்.

அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே கொண்டுவந்த அன்றே நான் ஒரு முடிவு எடுத்தேன். என்னிடம் இருக்கிற ஒரே உருப்படியான திறமையை அவருக்குக் கொடுப்பது என்று. பேச முடியாத ஒருவருக்கு உலகத்திலேயே அதிகம் தேவைப்படுவது எது? தன் வலியைச் சரியாக அளக்கத் தெரிந்த ஒரு கண். உணவு கொடுக்கச் செவிலி இருந்தார், அண்ணன் மகள் இருந்தாள். அளப்பதற்கு நான். அதனால் விதிப்படி நான் அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தொடவில்லை. பேசவில்லை. காலையில் கிளம்பும் முன்பும் மாலையில் திரும்பிய பின்பும் அறைக்குள் போய், வாசலை ஒட்டிப் போட்ட நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்து பார்ப்பேன். மடியில் ஓர் அட்டை. பார்த்ததைக் குறித்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

அது எளிதாக இருந்தது என்று நினைக்காதீர்கள். நானும் மனிதன்தான்.

முதல் நாள் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். ஒரு பக்கம் மட்டும் ஏறியது. பதிலுக்கு நான் சிரிக்கவில்லை. மதிப்பிடுபவர் எந்தத் தூண்டுதலும் தரக்கூடாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த அட்டையைப் பார்த்தார். பென்சிலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. முகத்துக்கு இரண்டு போட்டேன்.

அடுத்த நாட்களில் அவர் நடத்தையில் சில மாற்றங்களைக் கவனித்தேன். சாப்பிடும் நேரத்தில் நான் உள்ளே போனால், செவிலி கையிலிருக்கும் கரண்டியைப் பிடுங்குவதுபோல் இழுத்து, சூப்பை வேகவேகமாக வாயில் ஊற்றிக்கொள்வார். பாதி சட்டையில் வழியும். இருமுவார், கண்ணில் நீர் வரும், மறுபடியும் கரண்டியை இழுப்பார். விழுங்குவதில் கடும் சிரமம். இரண்டு. வேறொரு நாள், என் செருப்புச் சத்தம் கேட்டதும் தலையணைக்கு அடியிலிருந்து சீப்பை எடுத்து இடது கையால் தலையை வாரத் தொடங்கினார். நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் வாரிக்கொண்டே இருந்தார். நரைத்த முடி நெற்றியில் படிந்து, தோல் சிவந்துவிட்டது. நோக்கமின்றித் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு. மூளைச் சேதத்தில் பார்க்கக்கூடியது. இரண்டு.

செவிலி ஒருநாள் சமையலறையில் என்னை மடக்கினார். “சார், கோவிச்சுக்காதீங்க. உள்ள வரும்போது லேசா சிரிச்சிட்டுத்தான் வாங்களேன். ஆஸ்பத்திரில பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற மாதிரி வர்றீங்க. எனக்கே எழுந்து நிக்கணும்போல இருக்கு.”

நான் விதியை விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டு, “எனக்கென்ன சார் தெரியும், நீங்க படிச்சவங்க” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார்.

அக்டோபர் முடிவதற்குள் சாப்பாட்டை அவசரமாக ஊற்றிக்கொள்வது நின்றது. சீப்பை எடுப்பதும் நின்றது. நான் உள்ளே போகும்போது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடப்பார். இடது கை கட்டிலின் கம்பியைப் பிடித்திருக்கும். விரல் மூட்டு வெளுத்திருக்கும். சாப்பாடு தொடாமல் இருக்கும். கழுத்தில் வியர்வை. ஐந்தாவது அறிகுறிக்கு நான் மூன்று போட்ட நாளில், பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். என் அண்ணன் இவ்வளவு துன்பப்படுகிறார், அது என் ஒருவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் மற்ற இருவரும் வேறு கதை சொன்னார்கள். அப்பா தேறி வருகிறார் என்றாள் அண்ணன் மகள். காலையில் இரண்டு ரொட்டி சாப்பிட்டார் என்றார் செவிலி. நான் எதிர்பார்த்ததுதான். அவர்கள் உணவு கொடுப்பவர்கள்.

“சித்தப்பா, நீங்க போனதும் அப்பா ரொம்ப நேரம் கதவையே பாத்துட்டிருக்கார்” என்றாள் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. “உங்களத் தேடுறார்னு நினைக்கிறேன். பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்கோங்களேன். என்ன குறைஞ்சுடும்?”

“மதிப்பீடு கெட்டுடும்மா.”

அவள் என்னையே பார்த்தாள். “அவர் என்ன எலியா சித்தப்பா?” என்றாள். பிறகு அவளே, “சாரி. ராத்திரி டூட்டி, தூக்கம் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போய் அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் அமைச்சகத்தின் துணைக்குழு கூடியது. பேச்சிழந்த, மீள வாய்ப்பில்லாத நோயாளிகள் தொடர்பாக ஒரு வழிகாட்டுதல் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் தலைவர். அளவுகோலைச் சிறிது திருத்தி மனிதர்களுக்கும் கொண்டுவரலாம் என்று முன்மொழிந்தேன். நீதித் துறையிலிருந்து வந்தவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலி நிவாரண மருத்துவர் ஒருவர் இருந்தார்; உயரமான பெண்மணி; கூட்டத்துக்கு எப்போதும் சைக்கிளில் வருவார்.

“சார், உங்க அளவுகோல் நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு சந்தேகம்” என்றார். “எலிக்கு வீட்ல ஒரு மக கிடையாது. நான் பாக்குற ஆளுங்களுக்கு இருக்கு. அவங்ககிட்ட கேக்காம எப்படி மார்க் போடுறது?”

“அவர்களிடம் கேட்டால் என்றைக்குமே பதினொன்று வராது, டாக்டர்.”

“அப்போ பதினொன்னு வரலன்னுதானே சார் அர்த்தம்?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மேலும் ஆய்வு தேவை என்று தீர்மானம் எழுதி, தேநீர் குடித்துக் கலைந்தோம். மேலும் ஆய்வு தேவை என்பது எங்கள் உலகில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாது. அடித்தளத்தில் கதவைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போவது என்று அர்த்தம்.

இதைச் சொல்லும்போது உங்கள் பேனா நின்றுவிட்டதைக் கவனித்தேன். குழுவில் தோற்றதற்கும் வீட்டில் நடந்ததற்கும் முடிச்சுப் போடப் பார்க்கிறீர்கள். அப்படித் தோன்றுவது இயல்பு. என் முறை மனிதர்களிடமும் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது என்று அரசு வழக்கறிஞர் சொல்வார். தேவைப்பட்டது உண்மை. ஆனால் அது கையில் இருந்தது தற்செயல்.

நவம்பர் முதல் வாரத்தில் அண்ணன் மகளுக்கு வீடு கிடைத்தது. தரைத்தளம், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், முன்னால் கையளவு தோட்டம். செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் ஓடினாள். “அப்பா! கிடைச்சிடுச்சுப்பா! பதினஞ்சாம் தேதி சாவி. ஜன்னலத் திறந்தா ரயிலு தெரியும். நாள் முழுக்க எண்ணிட்டு இருக்கலாம்!” நான் கூடத்தில் இருந்தேன். உள்ளேயிருந்து அண்ணனின் அந்த அடித்தொண்டைச் சத்தம் கேட்டது, பலமுறை. அவள் அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டாள். பார்க்காமல் நான் எதுவும் சொல்ல முடியாது.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு அவர் முழுக்க முழுக்க உணவு கொடுப்பவர்கள் கையில். அளப்பதற்கு ஆளே இருக்காது. அவள் இளகிய மனம் படைத்தவள். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று பத்து ஆண்டுகூட வைத்திருப்பாள். ஒரு முறை கதவைத் திறந்து பார்த்தவன் மறுமுறையும் பூட்டிவிட்டுப் போக முடியாது. என்னால் முடியவில்லை.

ஒன்பதாம் தேதி செவிலியின் மகனுக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அரை நாள் கேட்டிருந்தார். முழு நாள் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். “நீங்க பாத்துப்பீங்களா சார்?” என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மருந்து பல்கலைக்கழக விலங்கு ஆய்வகத்திலிருந்து வந்தது. முறையாகக் கையெழுத்திட்டுத்தான் எடுத்தேன். அளவை உடல் எடையைக் கொண்டு கணக்கிட்டேன். அவர் எடை கூடியிருந்தது எனக்கே சற்று வியப்பாக இருந்தது.

அவர் போராடினாரா என்று நேற்று கேட்டீர்கள். நான் சரியான சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அருகில் போனதும் அவர் சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி எதிர்பார்த்ததைவிட வலுவாக இருந்தது. பிறகு வாயைத் திறந்து, மிகவும் மெதுவாக, அந்த ஒரு பக்கச் சிரிப்பைச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். நான் கையை விடுவித்துக்கொள்ள நேரம் பிடித்தது. முகத்தசைகளின் கட்டுப்பாடு போன நிலையில் இப்படி வரும். அதை நான் போராட்டம் என்று எழுத மாட்டேன்.

அதன்பின் அண்ணன் மகளைக் கூப்பிட்டேன். டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. “இல்ல சித்தப்பா, நேத்து நல்லா இருந்தாரே” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். துக்கத்தில் சொல்வதுதான்.

மாலையில் விதிப்படி ஒழுங்குமுறைக் குழுவுக்குத் தகவல் அனுப்பினேன். இதைத்தான் நீங்கள் யாரும் நம்ப மறுக்கிறீர்கள். மறைக்க நினைத்தவன் தானே அனுப்புவானா? அலுவலக எழுத்தர் எலி, முயல், பன்றி என்று வருகிற தகவல்களோடு சேர்த்து இதற்கும் ஓர் எண் கொடுத்து நன்றி தெரிவித்தார். நான்கு நாள் கழித்துக் குழுச் செயலர் தற்செயலாகப் படித்துவிட்டு, இரவோடு இரவாக உங்களைக் கூப்பிட்டாராம். அவர் என் மாணவர். அவருக்கு அந்த வேலை வந்தது எனக்கு வருத்தம். நடைமுறை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

இப்போது நீங்கள் காலையில் காட்டிய காணொளிக்கு வருகிறேன். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாதது உங்களுக்கு உறுத்தலாக இருந்தது என்று தெரியும். யோசித்துச் சொல்ல விரும்பினேன்.

அது எட்டாம் தேதி மாலை எடுத்தது. பிடித்தது செவிலி. அண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். தலை வாரியிருக்கிறது. மகள் எதிரே சம்மணம் போட்டிருக்கிறாள். நடுவில் சீட்டுக்கட்டு. அண்ணன் இடது கையால் ஒரு சீட்டை எடுத்து, மகள் பார்க்காத நேரம் தொடைக்கு அடியில் செருகுகிறார். “அப்பா! திருட்டு ஆட்டம்! சிஸ்டர், பாத்தீங்களா, அப்பா திருடுறார்!” என்கிறாள். அண்ணன் சிரிக்கிறார், தோள் குலுங்க, சத்தமாக. பக்கத்துத் தட்டிலிருந்து ரொட்டியைத் தானே எடுத்துக் கடிக்கிறார். செவிலியின் தட்டிலிருந்தும் ஒன்றை எடுக்கிறார். “அது என்னுது சார்!” என்று செவிலியின் குரல்.

பயிற்சி பெற்ற கண்ணோடு பார்த்தேன். சாப்பாடு, பூஜ்யம். சுத்தம், பூஜ்யம். முகம், ஒன்று. அசைவு, ஒன்று. ஆளைக் கண்டால் முன்னே வருவது, பூஜ்யம். மொத்தம் இரண்டு. இதை நான் மறுக்கவில்லை.

பிறகு வாசற்கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்கிறது. “சித்தப்பா வந்துட்டார்ப்பா” என்கிறாள் மகள். அண்ணன் கையிலிருந்து சீட்டுகள் விழுகின்றன. வாயிலிருந்த ரொட்டியை மெல்லுவதை நிறுத்துகிறார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து, சுவர்ப்பக்கம் திரும்புகிறார். “என்னப்பா ஆச்சு? அப்பா?” என்று அவள் கேட்பதோடு முடிகிறது.

பதின்மூன்று. அன்று மாலை நான் அட்டையில் போட்டதும் அதுதான். நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டிலிருந்து பதின்மூன்றுக்கு அவர் ஒரு நிமிடத்துக்குள் சரிந்திருக்கிறார். என் அனுபவத்தில் எந்த விலங்கிலும் அவ்வளவு வேகமான சரிவை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஒருவரைப் பதினைந்தாம் தேதிவரை விட்டுவைப்பதை எந்த விதியின்கீழும் நியாயப்படுத்த முடியாது.

மறுநாள் காலை நான் ஊசியைப் போட்டேன்.